பதினான்கா, பதினைந்தா, பதினாறா? கரிசல் சாலையில் அலாய் வீல்

மாருதி ஸ்விஃப்டின் வி.எக்ஸ்.ஐ. வகையோடு கம்பெனி தருவது 14 அங்குல இரும்பு டிஸ்க், 165/80 டயர், மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. அதே காரின் மேல்வகைக்கு 15 அங்குல அலாய், 185/65 டயர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வி.எக்ஸ்.ஐ. வண்டி அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்ட தம்பி மாதிரி தெரியும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே உள்ள இடைவெளி என்னவோ இரண்டிலும் ஒன்றுதான். நம் கண் ரப்பரைக் கணக்கில் எடுப்பதில்லை, பளபளக்கிற உலோகத்தைத்தான் சக்கரம் என்று நினைக்கிறது. அலாய் வியாபாரம் நடப்பதே இந்தக் கண்ணை நம்பித்தான்.

என் வி.எக்ஸ்.ஐ.யில் 15 அங்குல அலாய் மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மச்சினன் ஆசைப்பட்டு வாங்கிய 16 அங்குல செட்டைக் கொஞ்சநாள் இரவல் வாங்கி அதே வண்டியில் மாட்டியும் பார்த்தேன். பழைய 14 டிஸ்க்குகளும் வீட்டில்தான் கிடக்கின்றன. வண்டி ஒன்று, சாலை ஒன்று, சக்கரம் மட்டும் மூன்று விதம். ஓட்டியதெல்லாம் கயத்தாறைச் சுற்றி: வடக்கே கோவில்பட்டிக்கும் தெற்கே திருநெல்வேலிக்கும் நான்குவழிச் சாலை, கிழக்கே கடம்பூர், மேற்கே தேவர்குளம், இடையில் பெயர்ப்பலகைகூட இல்லாத கிராமத்துத் தார்ச்சாலைகள்.

டயர்ச் சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கத் தெரியாமல் டயர் கடைக்குப் போகக் கூடாது. 165/80 ஆர் 14 என்றால் டயரின் அகலம் 165 மி.மீ. அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். 14 என்பது டிஸ்க்கின் குறுக்களவு, அங்குலத்தில். டிஸ்க்கின் 355.6 மி.மீ., மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் எல்லாம் கூட்டினால் முழுச் சக்கரத்தின் உயரம் 619.6 மி.மீ. இதே கணக்கில் 185/65 ஆர் 15-க்கு 621.5, 195/55 ஆர் 16-க்கு 620.9 வருகிறது. மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம்.

"பெரிய வீல் போட்டா வண்டி தூக்கிக் குடுக்கும்லா அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. தூக்காது. ஸ்விஃப்டுக்குக் கம்பெனி சொல்லும் தரை இடைவெளி 163 மி.மீ.; 16 போட்டாலும் அதேதான். உலோகம் கூடுகிற அளவுக்கு ரப்பர் குறைகிறது, அவ்வளவுதான். பக்கச்சுவர் 14-இல் 132 மி.மீ., 15-இல் 120, 16-இல் 107. பதினான்கிலிருந்து பதினாறுக்குப் போகிறவர் சாலைக்கும் டிஸ்க்குக்கும் நடுவிலிருந்து 25 மி.மீ. ரப்பரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வருகிறார். இந்த விமர்சனம் முழுக்க அந்த 25 மி.மீ. ரப்பரைப் பற்றியதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 14 அங்குல டயரில் ஸ்விஃப்ட் 90-க்கு மேல் போனால் ஸ்டீயரிங்கில் ஒரு மிதப்பு இருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் அந்த மிதப்பு பயமாகவே மாறும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாக வருகிற காற்று கயத்தாறு வெளியில் குறுக்கே அடிக்கும் வேகம் தெரிந்ததுதான். தேசியக் காற்றாற்றல் நிறுவனம் காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் நிலையத்தை இங்கேதான் வைத்திருக்கிறது. லாரியை ஓவர்டேக் செய்து வெளியே வரும் அந்த நொடியில் காற்று காரை ஒரு தள்ளுத் தள்ளும். உயரமான பக்கச்சுவர் அதில் நெளிகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் ரப்பர் முதலில் வளைந்து பிறகுதான் கார் திரும்புகிறது. 185/65 போட்டதும் இந்தத் தாமதம் பாதியாகக் குறைந்தது. சாலைப்புதூர் சுங்கச்சாவடி தாண்டி வேகம் எடுக்கும்போது கார் போட்ட கோட்டில் போனது. 16-இல் இன்னும் கூர்மை. அவசர பிரேக்கில் காய்ந்த சாலையை 195 அகல ரப்பர் பிடிக்கும் பிடி காலுக்கே தெரிகிறது. நான்குவழிச் சாலையில் மட்டும் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதானால் 16-க்குத்தான் என் ஓட்டு.

ஆனால் சர்வீஸ் ரோட்டில் இறங்கியதும் கதை மாறுகிறது.

கரிசல் மண் ஒரு பொல்லாத மண். அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். கோடையில் கை நுழைகிற வெடிப்பும், ஐப்பசியில் காலை இழுக்கிற சகதியும் ஒரே நிலம்தான். அதன்மேல் மெல்லிசாகப் போட்ட தார்ச்சாலையும் கூடவே உப்பிச் சுருங்குகிறது. அதனால்தான் நம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் குழி இல்லாத இடத்தில்கூட அலை அலையாக ஏற்ற இறக்கம். ஓரம் வெட்டுண்டு, தாருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம். எதிரே பஸ் வந்தால் இரண்டு சக்கரத்தைக் கீழே இறக்கித்தான் ஆகவேண்டும். திரும்ப ஏற்றும்போது அந்தத் தார் விளிம்பு டயரின் பக்கச்சுவரை உரசும்.

கடம்பூர்ப் பக்கம் இப்படி இறக்கி ஏற்றும்போது 14 அங்குல டயர் சத்தமே இல்லாமல் மடங்கி நிமிர்ந்தது. 15-இல் ஒரு 'தொப்' சத்தம். 16-இல் அந்த அடி முதுகுத்தண்டுவரை வந்தது, பின்சீட்டில் இருந்த அம்மா, "ஏன்டா, நல்லாத்தானே ஓடுச்சு வண்டி?" என்று ஒரே கேள்வியில் விமர்சனத்தை முடித்துவிட்டாள்.

வேகத்தடை விஷயத்திலும் இதே கதை. இந்திய சாலை மாநாட்டு அமைப்பின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், வளைவாக, 25 கி.மீ. வேகத்தில் சுகமாக ஏறி இறங்கும்படி இருக்க வேண்டும். நம் ஊர்களில் இருப்பது ஒரு முழ அகலத்தில் கூம்பு மாதிரி நிற்கும் தார்க்கட்டி. கோவில் கொடைக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, ஒரு விபத்து நடந்தால் அன்று ராத்திரியே இன்னொன்று. வெள்ளைக்கோடும் கிடையாது. இருட்டில் தெரியாமல் ஏறினால் 14 மன்னிக்கும், 16 மன்னிக்காது.

அதைவிட மோசமானது கல். தை, மாசியில் சோளமும் கம்பும் உளுந்தும் சாலையில் காயும். களம் இல்லாத ஊரில் சம்சாரி வேறெங்கே போய்க் காயப்போடுவார்? அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் தானியத்தைக் காக்க ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் வைத்திருப்பார்கள். தானியத்தை அள்ளிக்கொண்டு போகும்போது கல்லை அங்கேயே விட்டுவிடுவதும் உண்டு. ராத்திரி எதிர்வண்டி வெளிச்சத்தில் அந்தக் கல் கண்ணில் படாது. இரும்பு டிஸ்க் என்றால் விளிம்பு மடங்கும். பஞ்சர் கடையில் சுத்தியலால் தட்டிப் பெண்டு எடுத்துக் கையோடு கொடுத்துவிடுவார்கள். வார்ப்பு அலாய் மடங்காது, விரியும். விரிந்த அலாயை வெல்டிங் வைத்துத் தருகிற கடைகள் இருக்கின்றன. அதை நம்பி நான்குவழிச் சாலையில் 100-இல் போக எனக்குத் தைரியம் இல்லை, உங்களுக்கும் வேண்டாம். 107 மி.மீ. சுவர் வைத்த டயரில் கல்லின் அடி டிஸ்க்குக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு 132 மி.மீ. சுவரைவிட எவ்வளவோ அதிகம்.

இனி முள். வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுவது இந்த வட்டாரத்தில் பலருக்குப் பிழைப்பு. முள்விறகு ஏற்றிய டிராக்டர் போன பாதையெல்லாம் முள் உதிரும். அந்த முள்ளுக்கு 14-ம் ஒன்றுதான், 16-ம் ஒன்றுதான். டயரின் மேல்பட்டன் ஆழம் எல்லா அளவிலும் ஏறக்குறைய 8 மி.மீ.தான். முள் குத்துவதில் வித்தியாசம் இல்லை. குத்தியது உங்களுக்குத் தெரிய வருவதில்தான் வித்தியாசம்.

டியூப்லெஸ் டயரில் முள் முனை ஒடிந்து உள்ளே நின்றால் காற்று உடனே போகாது. ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். 14 அங்குல டயரில் காற்று 20-க்கு இறங்கினால் பக்கச்சுவர் பிதுங்கி நிற்பது வீட்டு வாசலிலிருந்தே தெரியும். 55 சீரிஸ் டயரோ 33-இலும் 20-இலும் ஒரே மாதிரிதான் நிற்கும். நல்லா இருக்கிறது என்று நினைத்து ஏறி உட்கார்ந்து, சித்திரை வெயிலில் மதுரை வரை அழுத்தினால், குட்டையான பக்கச்சுவர் சுழற்சிக்குச் சுழற்சி மடங்கிச் சூடேறி உள்ளுக்குள்ளேயே அரைபட்டுப் போகும். கழற்றிப் பார்த்தால் உள்ளே கரித்தூளாக ரப்பர் கொட்டும். அந்த டயருக்கு ஒட்டுப் போட வழியில்லை. பட்டன் பகுதியில் விழுந்த ஓட்டையைத்தான் அடைக்கலாம். பக்கச்சுவர் போனால் டயரே போயிற்று.

ஆகவே 15-க்கோ 16-க்கோ போகிறவர்கள், வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் காற்றழுத்த சென்சாரை முதலில் வாங்குங்கள். சூரிய ஒளியில் ஓடும் சின்னத் திரையை டேஷ்போர்டில் ஒட்டினால் நான்கு டயரின் அழுத்தமும் தெரியும். அலாய்க்குச் செலவழிக்கிற காசில் இது ஒரு ஓரத்துக்குக் காணாது. கரிசல்காட்டில் நான் மாட்டியவற்றில் உருப்படியான பொருள் இதுதான், அலாய்கூட இரண்டாவதுதான். காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்பது டிரைவர் கதவுத் தூணில் ஒட்டிய அட்டையில் இருக்கிறது. வண்டி ஓடிச் சூடான பிறகு பார்க்கக் கூடாது. காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

சகதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழை விட்ட மறுநாள் கரிசல் வண்டிப்பாதையில் காரை இறக்கலாமா என்று கேட்டால், எந்த அளவு டயராக இருந்தாலும் வேண்டாம் என்பதே பதில். நாலு சுற்றுச் சுற்றியதும் பட்டனெல்லாம் அடைத்துக்கொண்டு டயர் மொட்டையாகிவிடும். டிராக்டரே பதம் பார்த்துத்தான் இறங்குகிறது. ஆனால் ஊர் ஓரத்தில் சும்மா நிறுத்தி எடுத்தாலும் கொஞ்சம் மண் டிஸ்க்கின் உட்பக்கத்தில் அப்பும். அது காய்ந்து கல்லாகி ஒரு பக்கம் மட்டும் கனமாகும். மறுநாள் 80-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும். அலைன்மென்ட் போயிற்று என்று பதறிக் கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. ஒரு குச்சியும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். இந்த ஒரு விஷயத்தில் அலாய் ஜெயிக்கிறது; ஆரங்களுக்கு நடுவே கை உள்ளே போகும். இரும்பு டிஸ்க்கின் சின்னத் துளைகளுக்குள் மண்ணைத் தோண்டுவது பெரும்பாடு.

எடைக்கு வருவோம். தெரிந்த மண்டியில் மின்தராசில் மூன்றையும் டயரோடு வைத்துப் பார்த்தேன். 14 அங்குல இரும்புச் சக்கரம் 14 கிலோ சொச்சம், 15 அலாய் பதினைந்தரை, 16 அலாய் 18-ஐத் தொட்டது. அலாய் என்றால் லேசு என்று எல்லாரும் நம்புகிறோம். ஒரே அளவில் ஒப்பிட்டால்தான் அந்தப் பேச்சு நிற்கும். அளவு கூடினால் எடையும் கூடும். இந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவது, அதோடு சுழல்வது. அதனால் டிக்கியில் நாலு கிலோ கூடுதலாக வைப்பதும் இதுவும் ஒன்றல்ல. 16 மாட்டியதும் இரண்டாம் கியரில் கிளம்பும் துடிப்பு கொஞ்சம் மந்தமானது. பெட்ரோல் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் அளவு குறைந்தது. 15-இல் குறைந்ததாகச் சொல்லும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

இப்போது கடைக்குப் போவோம். அலாய் வாங்கும்போது டிசைனுக்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று அளவுகள். ஸ்விஃப்டுக்கு பி.சி.டி. 4x100, அதாவது நான்கு நட்டு, அவற்றின் மையங்கள் 100 மி.மீ. வட்டத்தில். இதில் யாரும் தப்புச் செய்வதில்லை, செய்தால் மாட்டவே முடியாது. அடுத்தது ஹப் துளை. ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. கடையில் கிடைக்கும் அலாய்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்று 67.1, 73.1 என்று பெரிய துளையோடு வருகின்றன. நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் போட வேண்டும். போடாவிட்டால் காரின் கனத்துக்கும் மையத்துக்கும் நட்டுகள்தான் பொறுப்பு; இறுக்கும் வரிசை கொஞ்சம் பிசகினாலும் சக்கரம் மையம் விலகி உட்காரும். எனக்கு மாட்டிக் கொடுத்த கடையில் வளையம் போடவில்லை. 90-இல் நடுக்கம். மறுபடி மறுபடி பேலன்சிங் செய்து, ஒவ்வொரு தடவையும் ஈயக்கட்டி ஒட்டி அனுப்பினார்களே ஒழிய, வளையத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வேறு கடையில் நான்கு அலுமினிய வளையம் வாங்கிப் போட்டதும் நடுக்கம் நின்றது. நாலு வளையத்தின் விலை ஒரு டேங்க் பெட்ரோலில் கால்வாசி இருக்காது.

மூன்றாவது ஆஃப்செட். டிஸ்க்கின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. அலாயின் உட்பக்கத்தில் இ.டி. என்று எழுதி எண் போட்டிருக்கும். கம்பெனி எண்ணைவிட 10 குறைந்தால் சக்கரம் 10 மி.மீ. வெளியே வரும். டிஸ்க்கின் அகலம் ஒரு அங்குலம் கூடினால் இரண்டு பக்கமும் 12.7 மி.மீ. கூடும். இரண்டும் சேர்ந்தால் டயர் மட்கார்டைத் தாண்டித் துருத்தும். பார்க்கக் கெத்தாக இருக்கிறது என்று இதையே தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாலுபேர் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது மட்கார்டு விளிம்பு டயரைச் சீவும். வீல் பேரிங் சீக்கிரம் சத்தம் போடும். டயர் வாரி இறைக்கிற சரளைக்கல் கதவு பெயின்டில் விழும். சக்கரத்தை வெளியே தள்ளுவதற்காக நடுவில் ஸ்பேசர் தட்டு வைப்பதை ஸ்டைல் என்று சொல்லாதீர்கள். அது வினை.

டயரின் சுமை எண்ணையும் பாருங்கள். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 87 என்றால் 545, 88 என்றால் 560. இந்த மூன்று அளவிலும் ஸ்விஃப்டுக்குக் கவலை இல்லை. தேதி எண்ணில்தான் கவலை. சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனி; இன்று அதற்கு அரக்கோணத்தில் ஆலை. ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜே.கே. இவ்வளவு டயர் தமிழ்நாட்டிலேயே தயாராகும்போது இரண்டு வருடம் குடோனில் கிடந்த சரக்கைப் புதுவிலைக்கு வாங்க நமக்கென்ன தலையெழுத்து? "எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்பார்கள். ஒன்றல்ல. ரப்பர் கிடந்தாலே இறுகும்.

போலேரோக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தக் காட்டில் ஸ்விஃப்டைவிட அதுதான் உழைக்கிற வண்டி. அங்கே நடப்பது வேறு மாற்றம்: டிஸ்க்கை அப்படியே வைத்துக்கொண்டு 215/75 ஆர் 15-ஐக் கழற்றி 235/75 ஆர் 15 போடுகிறார்கள். உயரம் 703.5-இலிருந்து 733.5 மி.மீ. ஆகிறது. இங்கே வண்டி நிஜமாகவே தூக்கும், 15 மி.மீ. மட்டும். ரப்பரும் கூடுகிறது, அதனால் சவாரி மிருதுவாகும். விலை என்ன? சக்கரம் 4.3 சதவீதம் பெரிது என்பதால் எல்லாக் கியரும் அந்த அளவு நீண்டுவிடும். பாரம் ஏற்றி மேட்டில் கிளம்பும்போது இழுவை குறையும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது பழைய கணக்குக்கு 83-க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 96-தான் காட்டும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் பாதாளத்துக்குப் போய்விட்டது என்று புலம்புகிறவர்களின் புலம்பலில் ஒரு பங்கு இந்த மீட்டர்ப் பிழைதான். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் முன்டயர் எங்காவது உரசுகிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சகதி அப்புவதற்கும் இடம் குறைந்துபோகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஸ்விஃப்டுக்கு 185/65 ஆர் 15 கம்பெனியே மேல்வகையில் கொடுக்கும் அளவு. கேட்கிறவரிடம் பேச நம் பக்கம் நியாயம் இருக்கிறது. 16-க்கும் போலேரோவின் 235-க்கும் அப்படிச் சொல்ல முடியாது. டயர் மட்கார்டைத் தாண்டித் துருத்திக்கொண்டிருந்தால் வாதாடவே இடமில்லை. அலாய் மாட்டியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்து பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திருடு போனாலும் உடைந்தாலும் அந்தப் பணம் வராது.

ஸ்டெப்னியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. உயரம் ஒத்துப்போவதால் பழைய 14 இரும்புச் சக்கரத்தையே 15-க்கும் 16-க்கும் ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம். ஊர் போய்ச் சேரும்வரை மெதுவாக ஓட்டினால் போதும். ஏ.பி.எஸ். நான்கு சக்கரத்தின் சுழற்சியையும் ஒப்பிட்டே வேலை செய்கிறது. ஒன்று மட்டும் உயரம் மாறியிருந்தால் குழம்பும். 205/65 ஆர் 15 என்று கண்டதைப் போட்டவர்களுக்கு இந்த வசதி இல்லை, அது 647.5 மி.மீ. புது அலாய்க்குத் தனி நட்டும் தனிச் சாவியும் கொடுத்திருந்தால் சாவியை வீட்டு அலமாரியில் வைக்காமல் டிக்கியிலேயே போடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

தீர்ப்பு இதுதான். கயத்தாறு, கோவில்பட்டி, கடம்பூர், கழுகுமலைப் பக்கம் ஓடும் ஸ்விஃப்ட், டிசையர் வண்டிகளுக்கு 15 அங்குலமும் 185/65-உம் சரியான அளவு. சாலைப்பிடியில் 16-இன் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது, ரப்பரில் 12 மி.மீ. மட்டுமே இழக்கிறீர்கள், டயர் கிழிந்தால் கோவில்பட்டியிலேயே அன்றைக்கே வேறு வாங்கலாம். 195/55 ஆர் 16 கேட்டுப் பாருங்கள்; "திருநெவேலில சொல்லித்தான் வரவைக்கணும்" என்ற பதிலே பெரும்பாலும் வரும். வீடும் வேலையும் நான்குவழிச் சாலையை ஒட்டி இருக்கிறவர், கிராமத்துக்குள் நுழையவே தேவையில்லாதவர் 16 போடட்டும், சந்தோஷமாக ஓட்டட்டும். வயதானவர்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர் 14-லேயே இருக்கலாம். நல்ல புது டயரும் காற்று சென்சாரும் போட்டால் அந்த வண்டிக்கு ஒரு குறையும் இல்லை.

மாட்டுவதென்று முடிவு செய்துவிட்டால் பில்லில் பி.சி.டி., ஹப் துளை, இ.டி., டயரின் தேதி எண் நான்கையும் எழுதி வாங்குங்கள். அலாயிலும் டயரிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். எழுதித் தர யோசிக்கிற கடையில் பணம் கொடுக்க வேண்டாம். கோவில்பட்டியில் வேறு கடையும் இருக்கிறது.